கால்நடைகளில் ஸ்கேன் கருவி கொண்டு சினைப் பரிசோதனை செய்யும் முறை

சினைப் பரிசோதனை என்றாலே சினையாக இருக்கும் மாட்டைக் கண்டறிவதுதான் நோக்கம் என்று பலரும் எண்ணுகிறார்கள். சினையாக உள்ள பசு, நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ஏறத்தாழ 283 நாளில் கன்று ஈனத்தான் போகிறது. சினை பிடிக்காத பசுவோ, 21 நாளுக்கு ஒருமுறை வர வேண்டிய பருவ அறிகுறியை வெளிக்காட்டாமல் விட்டுவிட்டால், தீவனத்தைத் தின்றுகொண்டு மாதக்கணக்கில் சும்மா நிற்கும். ஆகவே பண்ணைக்கு உண்மையான பயன், காலியாக நிற்கும் மாட்டை விரைவில் கண்டறிந்து மறுபடியும் கருவூட்டுவதில்தான் இருக்கிறது. மலக்குடல் வழியாகக் கையால் தடவிப் பார்க்கும் பழைய முறையில், தேர்ந்த கைக்கும் கருவூட்டிய பின் 35 முதல் 45 நாள் வரை ஆக வேண்டும். ஸ்கேன் கருவி 28 முதல் 30 நாளிலேயே முடிவு சொல்லிவிடுகிறது. அதோடு கரு உயிரோடு இருக்கிறதா, ஒன்றா இரண்டா, கருப்பையில் சீழ் கோத்திருக்கிறதா என்பதையும் அது காட்டும். கைக்கு இவை எளிதில் புலப்படா.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. எந்த மாட்டைக் கண்டறிவதற்காகக் கருவியை எடுக்கிறோமோ, அந்தக் காலி மாட்டைக் கருவி நேரடியாகக் காட்டுவதில்லை. கரு கண்ணில் படவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. சினை என்று சொல்வதற்கு ஓர் இதயத்துடிப்பு போதும். காலி என்று சொல்வதற்கு, கருப்பை இரண்டாகப் பிரிந்து நீளும் கொம்புகள் இரண்டையும் நுனிவரை பார்த்திருக்க வேண்டும், முட்டை உருவாகும் சினைப்பைகள் இரண்டையும் பார்த்திருக்க வேண்டும். கீழே சொல்லப்படும் முறைகளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது முடிவைப் பிழையின்றிச் சொல்வதற்கானவையே.

கருவி படம் காட்டும் விதம்

புரோப் என்று எல்லோரும் அழைக்கும் உணர்கருவியின் முகப்பில் உள்ள படிகங்கள், மின்சாரம் பாயும்போது அதிர்ந்து, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்புகின்றன. அந்த ஒலி உடலுக்குள் சென்று, திசுக்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் புள்ளிகளாகத் திரையில் வரைவதுதான் கருவியின் வேலை. நீர்மம் எதிரொலிக்காது, ஆகவே சிறுநீர், பனிநீர், சினைப்பையில் முட்டை வளரும் குமிழான முட்டைப்பையின் நீர் எல்லாம் கறுப்பாகத் தெரியும். எலும்பு ஒலியைப் பெருமளவு திருப்பி அனுப்புவதால் வெண்மையாகத் தெரியும்; அதற்குப் பின்னால் நிழல் விழும். தசையும் கருப்பைச் சுவரும் சாம்பல் நிறத்தின் பல அளவுகளில் தெரியும். காற்றை மட்டும் இந்த ஒலி கடக்காது. புரோப்புக்கும் உடலுக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று இருந்தாலும் படம் கெட்டுவிடும். ஜெல் பூசுவதும் சாணத்தை வெளியே எடுப்பதும் இதற்காகத்தான்.

ஒலியின் அதிர்வெண் கூடக்கூடப் படம் நுணுக்கமாகும். ஆனால் எட்டும் ஆழம் குறையும். மாடு, எருமை, குதிரை ஆகியவற்றில் மலக்குடலுக்குள் கருப்பைக்கு மிக அருகில் வைத்துப் பார்ப்பதால் 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நேர்கோட்டு புரோப் ஏற்றது. ஆடு, பன்றி ஆகியவற்றில் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்க 3.5 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வளைந்த புரோப் வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே புரோப்பை வைத்துச் சமாளிக்க முயன்றால் இரண்டுமே அரைகுறையாகத்தான் முடியும். கருவியில் உள்ள விசைகளில், தொடக்கத்தில் கற்க வேண்டியவை ஆழமும் ஒளிர்வுப் பெருக்கமும் மட்டுமே. இளம் சினைக்கு ஆழத்தை 8 முதல் 10 செ.மீ. வரை வைத்தால் போதும். பெருக்கத்தைக் கூட்டி வைப்பது புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. அப்போது கறுப்பாகத் தெரிய வேண்டிய நீர்மம் சாம்பல் நிறத்தில் தெரிந்து, தெளிந்த நீரா சீழா என்று பிரித்தறிய முடியாமல் போகும். சிறுநீர்ப்பையைத் திரையில் கொண்டுவந்து, அது நல்ல கறுப்பாகத் தெரியும்வரை பெருக்கத்தைக் குறைப்பது எளிய வழி.

பசுவில் பரிசோதனை

மலக்குடல் வழிப் பரிசோதனை, கையால் கருப்பையைத் தடவி அறியப் பழகிய கால்நடை மருத்துவரோ முறையாகப் பயிற்சி பெற்றவரோ செய்ய வேண்டியது. விலையுயர்ந்த கருவியை வாங்கிவிட்டால் கைப்பழக்கம் தேவையில்லை என்று எண்ணுவது தவறு. உள்ளே செல்லும் கை கருப்பையை அறியாவிட்டால் திரையில் தெரிவது வெறும் சாம்பல் மேகமாகவே இருக்கும். இறைச்சிக் கூடத்தில் கிடைக்கும் கருப்பையை ஒரு தொட்டி நீரில் மூழ்கவைத்து, அதன்மேல் புரோப்பை ஓட்டிப் பழகுவது நல்ல தொடக்கம். கண்ணால் பார்க்கும் உறுப்பு திரையில் எப்படி மாறித் தெரிகிறது என்பதை இதைவிட விரைவாகக் கற்றுத்தரும் வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

பரிசோதனைக்கு முன் கருவூட்டிய தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். தேதி தெரியாமல் பார்ப்பவர் எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் தேடுகிறார். மாட்டை அசையாதபடி கம்பிக்கூண்டில் நிறுத்தி, பின்புறம் உதை விழாதபடி குறுக்குக் கம்பி போட வேண்டும். கருவியின் திரை வெயிலில் தெரியாது என்பதால் நிழலான இடம் வேண்டும். நீண்ட கையுறையில் வழுக்குப் பசையைத் தடவி, முதலில் புரோப் இல்லாமல் கையை மட்டும் செலுத்திச் சாணத்தை முழுமையாக வெளியே எடுக்க வேண்டும். மோசமான படங்களில் பெரும்பாலானவை கருவியின் குறையால் அல்ல, அள்ளாமல் விட்ட ஒரு பிடிச் சாணத்தால்தான் வருகின்றன. குடல் கையை இறுக்கிப் பிடிக்கும்போது எதிர்த்துத் தள்ளக் கூடாது. இறுக்கம் தளரும்வரை கையை அசைக்காமல் காத்திருக்க வேண்டும். காற்று புகுந்து குடல் பீப்பாய்போல் விறைத்துவிட்டால் படம் கிடைக்காது. அந்த மாட்டைச் சிறிது நேரம் விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பது மேல்.

இனிப் புரோப்பை உள்ளங்கையில் அடக்கி, விரல்கள் அதன் முனையைக் காத்தபடி, முகப்பு கீழ்நோக்கி இருக்குமாறு செலுத்த வேண்டும். முதலில் எதிர்ப்படுவது பெரும்பாலும் சிறுநீர்ப்பை: மெல்லிய சுவருடன், பெரிய, ஒரே கறுப்பாக, வால் பக்கம் குறுகிச் செல்லும் வடிவத்தில் தெரியும். புதியவர்கள் பலரும் முதன்முதலில் சினை என்று அறிவிப்பது இதைத்தான், நானும் விதிவிலக்கல்லன். சிறுநீர்ப்பையின் மேலாகவே முன்னேறிச் சென்றால் கருப்பை வாய் கெட்டியான வெண்கோடுகளுடன் தெரியும். அதைத் தாண்டியதும் கருப்பை. அங்கிருந்து மணிக்கட்டை மெல்லத் திருப்பி வலக்கொம்பைப் பின்தொடர்ந்து நுனிவரை சென்று, வலச் சினைப்பையைப் பார்த்து, வந்த வழியே திரும்பிக் கொம்புகள் பிரியும் இடத்துக்கு வந்து, அவ்வாறே இடப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாட்டிலும் இதே வரிசையைக் கைவிடாமல் பின்பற்றினால், எந்தப் பகுதியைப் பார்க்கவில்லை என்பது தானாகவே தெரிந்துவிடும்.

சினைப்பையில் தேட வேண்டியது மஞ்சள் உடலம். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகிச் சினையைக் காக்கும் ஹார்மோனைச் சுரக்கும் இந்த உறுப்பு, சாம்பல் நிறத்தில், மணல் தூவியதுபோன்ற பரப்புடன், 2 முதல் 3 செ.மீ. அளவில் தெரியும், சிலவற்றின் நடுவே சிறிய கறுப்புக் குழியும் இருக்கும், அது நோயன்று. பசுவில் கரு, மஞ்சள் உடலம் இருக்கும் பக்கத்துக் கொம்பிலேயே தங்குவதுதான் வழக்கம். ஆகவே வலச் சினைப்பையில் மஞ்சள் உடலம் இருந்தால் வலக்கொம்பை இரண்டாம் முறையும் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும் உத்தி. இரண்டு மஞ்சள் உடலங்கள் தெரிந்தால் இரட்டைக் கன்றுக்கு வாய்ப்பிருக்கிறது. ஒரு கருவைக் கண்டவுடன் கையை எடுத்துவிடக் கூடாது. ஆணும் பெண்ணுமாக வளரும் இரட்டைகளில் பெண் கன்று பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகவே போகும் என்பதால், இதை முன்கூட்டியே அறிவது கிடேரிக் கணக்குக்கு உதவும்.

28 முதல் 30 நாளில் தெரிவது இதுதான். சாம்பல் நிறக் கருப்பைச் சுவர்களுக்கு நடுவே கறுப்பான நீர்ப்பகுதி. அதன் ஓரத்தில், சுவரை ஒட்டி, ஏறத்தாழ 1 செ.மீ. நீளத்தில் ஒரு வெளிர்ந்த துணுக்கு. புரோப்பை நகர்த்தாமல், மூச்சை அடக்கிக்கொண்டு அந்தத் துணுக்கின் நடுவே பார்த்தால், எரிந்து அடங்கப்போகும் திரியைப்போல் ஒரு புள்ளி மினுக்கு மினுக்கென்று துடிக்கும். அதுதான் இதயம். ஒரு நொடிக்கு இரண்டு துடிப்புக்கும் மேல் இருப்பதால் பெரும் குடல் இயக்கத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. இந்த நேரத்தில் படத்தை அழகாகப் பதிவுசெய்யும் ஆசையில் நிறுத்தும் விசையை அழுத்திவிடக் கூடாது. படம் நின்றால் துடிப்பும் நின்றுவிடும், உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போகும். முதலில் துடிப்பு, பிறகு படம்.

30ஆம் நாளையொட்டிப் பனிக்குடம் மெல்லிய வெண்வளையமாகக் கருவைச் சுற்றித் தெரியத் தொடங்கும். 35ஆம் நாளிலிருந்து கருப்பைச் சுவரில், நஞ்சுக்கொடி ஒட்டும் இடங்களான நஞ்சுப் பொத்தான்கள் சிறு மேடுகளாகத் தலைகாட்டும். 40 நாளில் கரு 2 செ.மீ.க்குச் சற்று மேலாக வளர்ந்து, தலையும் கால் மொட்டுகளும் புலப்படும். 60 நாளில் 6 செ.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். கருவூட்டிய தேதி தெரியாத மாட்டில் உச்சி முதல் பிட்டம் வரை அளந்து நாளைக் கணிப்பது இந்த வளர்ச்சியை வைத்துத்தான். 90 முதல் 100 நாளைக் கடந்தபின் கருப்பை வயிற்றுக்குள் இறங்கிவிடுவதால் கன்றைத் திரையில் பிடிப்பது கடினம். அப்போது நஞ்சுப் பொத்தான்களைப் பார்ப்பதும், கருப்பை நாளத்தின் அதிர்வைக் கையால் உணர்வதும்தான் வழி. அந்த நிலையில் ஸ்கேனைவிடப் பழகிய கையே விரைவாக முடிவு சொல்லும்.

கன்றின் பாலினத்தை 60 முதல் 80 நாளுக்குள் பார்க்கலாம். பிறப்புறுப்பாக மாறவிருக்கும் சிறு வெண்மேடு ஆண் கருவில் தொப்புள்கொடியின் பின்னாலும் பெண் கருவில் வாலின் அடியிலும் நிலைபெற்றிருக்கும். இது தனித் திறமை. சினைப் பரிசோதனையில் நூற்றுக்கணக்கான மாடுகளைப் பார்த்த பிறகு கற்றுக்கொள்வதே முறை.

நீர் தெரிந்தால் மட்டும் போதாது

கருப்பையில் கறுப்பு நீர் தெரிந்ததும் சினை என்று சொல்லிவிடுவது ஆபத்தான பழக்கம். பருவத்தில் இருக்கும் மாட்டின் கருப்பையிலும் நீர் இருக்கும்; ஆனால் அதன் சினைப்பையில் பெரிய முட்டைப்பை கறுப்பு வட்டமாகத் தெரியும், முதிர்ந்த மஞ்சள் உடலம் இருக்காது. சீழ் கோத்த கருப்பையில் மஞ்சள் உடலமும் இருக்கும், நீர்மமும் இருக்கும்; ஆனால் அந்த நீர்மம் தெளிந்த கறுப்பாக இல்லாமல், புரோப்பால் மெல்லத் தட்டினால் பனித்துகள்போல் வெண்புள்ளிகள் சுழலும், சுவரும் தடித்திருக்கும். கரு இறந்துபோனால் துடிப்பு இராது. நீர் கலங்கி, சவ்வுகள் சுவரிலிருந்து பிரிந்து மிதக்கும்.

எதிர்த்திசைத் தவறு இதைவிடக் கொடியது. பலமுறை ஈன்ற ஒரு பசுவை, அதன் கருப்பை இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்த நிலையில், 27ஆம் நாளில் பார்த்துக் காலி என்று சொல்லிவிட்டேன். இடச் சினைப்பையில் நல்ல மஞ்சள் உடலம் இருந்தது. இடக்கொம்பின் நுனிக்குக் கை எட்டவில்லை. எட்டவில்லை என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. பருவத்துக்கு வரவைக்கப் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போடும்படி எழுதியும் கொடுத்தேன். நல்வாய்ப்பாக மாட்டுக்காரர் வேறு வேலையில் ஊசியை ஒத்திப்போட்டார். ஒன்பது நாள் கழித்து அதே மாட்டைப் பார்த்தபோது, அந்த எட்டாத நுனியில் கரு துடித்துக்கொண்டிருந்தது. அந்த ஊசி போடப்பட்டிருந்தால் மஞ்சள் உடலம் கரைந்து சினை கலைந்திருக்கும். அன்றிலிருந்து, மஞ்சள் உடலம் இருக்கும் பக்கத்துக் கொம்பை முழுமையாகப் பார்க்க முடியாத எந்த மாட்டையும் நான் காலி என்று எழுதுவதில்லை. மறுபார்வை என்று எழுதுகிறேன். கிடேரிகளில் கருப்பை சிறியதாகவும் அருகிலும் இருப்பதால் 26ஆம் நாளிலேயே துணிந்து பார்க்கலாம். பெரிய உடல்வாகும் பல ஈற்றும் கண்ட பசுக்களில் 30 முதல் 32 நாள்வரை பொறுப்பது நல்லது.

முதல் பரிசோதனையில் சினை என்று கண்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. 30க்கும் 60க்கும் இடைப்பட்ட நாட்களில் கறவை மாடுகள் சிலவற்றில் கரு தானாகவே அழிந்துவிடுகிறது; பத்தில் ஒன்று என்ற அளவுக்கு இது நேர்வதுண்டு. விரைவில் பார்ப்பவர் இந்த இழப்புகளையும் சினைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார். இரண்டாம் மாதம் முடியும்போது மறுபடி பார்க்காத பண்ணையில், சினையென்று நம்பப்பட்ட மாடு ஈற்று மாதத்தில் வெறும் வயிற்றோடு நிற்பது இப்படித்தான். ஸ்கேன் செய்ததால் கரு கலைந்தது என்ற பழி இந்த இழப்பிலிருந்தே பிறக்கிறது. மென்மையாகச் செய்யப்பட்ட பரிசோதனை கருவைக் கலைப்பதில்லை.

எருமை

முறை பசுவுக்குச் சொன்னதுதான். சினைக்காலம் மட்டும் ஏறத்தாழ 310 நாள். எருமையின் மஞ்சள் உடலம் சினைப்பைக்குள் புதைந்திருப்பதால் கைக்கு எளிதில் தட்டுப்படாது. அதனாலேயே ஸ்கேனின் பயன் இங்கே கூடுதல். எருமை, அறிகுறி காட்டாமல் வந்துபோகும் ஊமைப் பருவத்துக்குப் பெயர்போனது என்பதால், திரும்பப் பருவத்துக்கு வரவில்லை என்பதைச் சினைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. 30 முதல் 35 நாளுக்குள் பார்ப்பது பொருத்தம்.

செம்மறியும் வெள்ளாடும்

ஆடுகளில் வயிற்றின்மேல் வைத்துப் பார்ப்பதால், பயிற்சியுள்ள வளர்ப்போரும் கற்றுக்கொள்ளக்கூடிய முறை இது. இடப்பக்கம் முழுவதும் இரைப்பை அடைத்திருப்பதால் வலப்பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். ஆட்டை நின்ற நிலையிலேயே பிடித்துக்கொண்டு, மடிக்கு முன்னும் தொடைக்கு உட்புறமும் உள்ள மயிரற்ற தோலில் ஜெல்லைத் தாராளமாகத் தடவி, புரோப்பை அழுத்தமாக வைத்து, முதலில் உள்நோக்கியும் மேல்நோக்கியும் திருப்ப வேண்டும். முந்தைய இரவிலிருந்து ஏறத்தாழ 12 மணி நேரம் தீவனத்தை நிறுத்தினால் குடல் சுருங்கிப் படம் தெளியும். இங்கும் முதலில் சிறுநீர்ப்பை; அதற்கு முன்னால் கருப்பை. 35 முதல் 40 நாளுக்கு முன் இம்முறையில் பார்ப்பது வீண். சினையை அறியவும் குட்டிகளை எண்ணவும் 45 முதல் 90 நாள்வரை உள்ள காலமே சிறந்தது. அதற்குப்பின் குட்டி பெரிதாகி ஒரே குட்டியே திரையை அடைத்துக்கொள்ளும்.

குட்டிகளை எண்ணும்போது புரோப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை ஒரே சீராக, விசிறி விரிவதுபோல் ஓட்ட வேண்டும். தலையையோ விலாக்கூட்டையோ எண்ண வேண்டும். கால்களை எண்ணினால் ஒரு குட்டி இரண்டாகும். முன்னும் பின்னும் மாறிமாறி ஓட்டினாலும் அதே தவறுதான். எத்தனை குட்டி என்பது வெறும் ஆவலுக்காக அறிவதன்று: கடைசி ஆறு வாரங்களில் குட்டி வேகமாக வளரும்போது, இரண்டு மூன்று சுமக்கும் ஆட்டுக்குத் தீவனம் போதாவிட்டால் சினை நச்சு நோய் வரும். ஒற்றைக் குட்டி சுமப்பதற்கு அளவுக்கு மீறிக் கொடுத்தால் குட்டி பெருத்து ஈற்று சிக்கலாகும். எண்ணிக்கையை வைத்து மந்தையைப் பிரித்துத் தீவனம் கொடுப்பதே ஸ்கேன் செலவை ஈடுசெய்கிறது.

கிடாவை மந்தையோடு விட்டுச் சேர்க்கும் பண்ணைகளில், கிடாவைப் பிரித்த நாளிலிருந்து குறைந்தது 40 நாள் கழித்தே பார்க்க வேண்டும். முன்னதாகப் பார்த்தால் கடைசியில் சினை பிடித்த ஆடுகளெல்லாம் காலி என்று விற்பனைக்குப் போய்விடும்.

வெள்ளாட்டில் பொய்ச்சினை என்றொரு நிலை உண்டு. கரு இல்லாமலே கருப்பையில் நீர் நிறைந்து வயிறு பெருக்கும்; பருவம் வராது; ஒருநாள் திடீரென்று நீர் மட்டும் வெளியேறும். திரையில் கறுப்பு நீரும், அதனூடே நீரோட்டத்தில் ஆடும் துணிபோல் மெல்லிய தடுப்புச் சவ்வுகளும் தெரியும். குட்டியும் இராது, நஞ்சுப் பொத்தான்களும் இரா. உண்மைச் சினையில் அந்தப் பொத்தான்கள் நடுவில் குழிந்த வளையங்களாகத் தெரியும். 40 நாளுக்குள் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

பன்றியும் குதிரையும்

பன்றியின் சினைக்காலம் 114 நாள்; 24 முதல் 28 நாளுக்குள் பார்ப்பது வழக்கம். தொடைக்கு முன்னால், காம்பு வரிசைக்குச் சற்று மேலே புரோப்பை வைத்து, எதிர்ப்பக்கத் தோளை நோக்கிச் சாய்த்தால், ஒழுங்கற்ற பல கறுப்பு வட்டங்கள் தெரியும். ஒரே பெரிய கறுப்பு மட்டும் தெரிந்தால் அது சிறுநீர்ப்பை. குட்டிகளை எண்ணுவது இதில் நம்பத்தக்கதன்று.

பெரிய கால்நடைகளின் இனப்பெருக்கத்தில் ஸ்கேன் பரவியதில் குதிரைக்குப் பெரும் பங்குண்டு. 1980இல் பால்மர், திரியான்கூர் என்ற ஆய்வாளர்கள் பெட்டைக் குதிரையில் அதன் பயனை விளக்கி எழுதினார்கள். இங்கே முதல் பரிசோதனையின் நோக்கமே இரட்டைக் கருவைக் கண்டறிவதுதான், ஏனென்றால் இரட்டைகளைச் சுமக்கும் குதிரை பெரும்பாலும் இரண்டையும் இழக்கும். முட்டை வெளியேறிய 14 முதல் 16 நாளுக்குள் கருப்பை உருண்டையான கறுப்புக் குமிழைக் காட்டும். 16ஆம் நாள்வரை அந்தக் குமிழ் கருப்பை முழுவதும் உருண்டு திரியும். இரண்டு குமிழ்கள் இருந்தால் அவை ஓரிடத்தில் நிலைகொள்ளும் முன் மருத்துவர் ஒன்றை நசுக்கிவிடுவார். கருப்பை நீர்க்கட்டியும் இதேபோல் தெரியும். ஆனால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ பார்த்தால் கட்டி வளர்ந்திருக்காது, இடமும் மாறியிருக்காது. குதிரையின் மலக்குடல் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து; திமிறும் குதிரையில் கையை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், தேவையானால் அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தூய்மையும் பதிவும்

கையுறையில் இரத்தம் தெரிந்தால் அடுத்த மாட்டுக்கு அதையே பயன்படுத்தக் கூடாது. மாட்டு இரத்தப் புற்றுநோய் வைரஸ் போன்றவை இவ்வழியே பரவும். முடிந்தவரை மாட்டுக்கொரு கையுறையே சரி. புரோப்பின் கம்பியை மடித்துச் சுருட்டக் கூடாது, மாட்டின் காலடியில் விடவும் கூடாது. பழுதுகளில் பெரும்பாலானவை கம்பியில்தான் தொடங்குகின்றன. புரோஸ்டாகிளாண்டின் தோல் வழியாகவும் உடலில் சேரும் என்பதால் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைக் கையாளாமல் இருக்க வேண்டும்.

முடிவைக் கையை வெளியே எடுத்தவுடன் எழுதிவிட வேண்டும். பத்து மாட்டைப் பார்த்துவிட்டு நினைவிலிருந்து எழுதினால் இரண்டாவது மாடும் ஏழாவது மாடும் இடம் மாறிவிடும். காதுவில்லை எண், கருவூட்டிய தேதி, மஞ்சள் உடலம் வலமா இடமா, கரு எந்தக் கொம்பில், துடிப்பு பார்த்ததா இல்லையா என்பவற்றைக் குறிக்க வேண்டும். முடிவுக்கான கட்டத்தில் சினை, காலி என்பவற்றோடு மறுபார்வை என்ற மூன்றாவது சொல்லுக்கும் இடம் இருக்க வேண்டும். மறுபார்வை என்று எழுதிய மாட்டுக்கு நேராக, 7 முதல் 10 நாள் தள்ளி ஒரு தேதியையும், எந்தக் கொம்பின் எந்தப் பகுதி பார்க்கப்படவில்லை என்பதையும் எழுதி வைத்தால், அடுத்த முறை பார்ப்பவர், அது வேறொருவராக இருந்தாலும், நேராக அந்த இடத்திலிருந்தே தொடங்குவார்.